ஊருக்குத் தெரியும், வங்கிக்குத் தெரியாது

திருப்பூர்ப் பனியன் ஏற்றுமதித் தொழிலில் முதலீட்டுப் பணம் யாரிடம் போய்ச் சேருகிறது என்று பொருளியலாளர்கள் அபிஜித் பானர்ஜியும் கைவன் முன்ஷியும் ஆராய்ந்து 2004-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பானர்ஜிக்கு நோபல் பரிசு கிடைக்கப் பதினைந்து ஆண்டுகள் இருந்த காலம் அது. அந்தக் கட்டுரை அது பேசும் ஊரிலேயே போதிய அளவு பேசப்படவில்லை என்பது என் எண்ணம். உள்ளூர்க் கவுண்டர் சமூகத்து முதலாளிகளையும், வேறு ஊர்களிலிருந்தும் வேறு சமூகங்களிலிருந்தும் திருப்பூருக்கு வந்து தொழில் தொடங்கியவர்களையும் அவர்கள் ஒப்பிட்டார்கள். உள்ளூர்க்காரர்களின் கையில் சராசரியாக ஏறத்தாழ இரு மடங்கு முதல் இருந்தது. வெளியூர்க்காரர்கள் குறைந்த முதலோடும் குறைந்த ஏற்றுமதியோடும்தான் தொடங்கினார்கள். ஆனால் அவர்களுடைய வளர்ச்சி வேகமாக இருந்தது. சில ஆண்டு அனுபவத்துக்குப் பிறகு, முதல் குறைவாகவே இருந்தபோதும், ஏற்றுமதியில் உள்ளூர்க்காரர்களை முந்தினார்கள். பணம் அதிகம் பலன் தரும் இடத்தைத் தேடிப் போகவில்லை, கொடுப்பவருக்குத் தெரிந்த முகத்தைத் தேடிப் போனது என்பதே இதன் பொருள். இதில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. கடன் கொடுப்பவர் ‘இவனை யாருக்குத் தெரியும்?’ என்று கேட்கிறார். வெளியூரிலிருந்து வந்தவருக்காகப் பதில் சொல்ல அங்கே ஆள் இல்லை. வங்கிக் கடனுக்குக் கடன் வரலாறு ஏன் இவ்வளவு முக்கியமாகிறது என்ற கேள்விக்கு, கடன் தகவல் நிறுவனமான சிபிலின் விளம்பரங்கள் சொல்வதைவிட நேரான விடை இந்த ஆய்வில் இருக்கிறது.

கொங்குநாட்டில் கடன் வரலாறு என்ற ஒன்று சிபில் வருவதற்கு வெகுகாலம் முன்பே இருந்தது. அது காகிதத்தில் இல்லை, அவ்வளவுதான். திருப்பூர் முதலாளிகளைப் பற்றி 2004-இல் ஒரு முழு நூலே எழுதிய ஷரத் சாரி, காட்டுவேலையிலிருந்தும் பட்டறைக் கூலி வேலையிலிருந்தும் மேலே வந்த பலருக்குச் சொந்தபந்தத்தின் கூட்டு முதல் எப்படித் துணை நின்றது என்பதை விரிவாகக் காட்டியிருக்கிறார். நூல் கடையில் நூல் கடனுக்கு வரும். சாயப்பட்டறையில் கூலி பாக்கி நிற்கும். மாமனார் தோட்டத்தை விற்ற பணமோ, பங்காளி வட்டிக்கு விட்ட பணமோ ஒரு புரோநோட்டின் பேரில், பல வேளைகளில் அதுவும் இல்லாமல், கை மாறும். ஒருவர் சொன்ன நாளில் பணம் தரவில்லையென்றால் சேதி நூல் கடையோடு நிற்காது. அடுத்த சீட்டு ஏலத்திலும், மகளுக்கு வரன் பார்க்கும் வீட்டிலும் அது முன்னால் போய் உட்கார்ந்திருக்கும். நீதிமன்றத்துக்குப் போகாமல் பணத்தைத் திரும்ப வரவைக்கும் இந்த ஏற்பாடு மலிவானது, வேகமானது, பெரும்பாலும் சரியானதும்கூட. கரூர் வணிகர்கள் 1916-இல் கரூர் வைசியா வங்கியையும் 1926-இல் லட்சுமி விலாஸ் வங்கியையும் தொடங்கியபோது, இந்த ஊர் நினைவுக்கே ஒரு பெயர்ப்பலகை மாட்டினார்கள் என்று சொல்லலாம். முன்னது நிலைத்திருக்கிறது, பின்னது 2020 நவம்பரில் டிபிஎஸ் வங்கியோடு இணைக்கப்பட்டது.

ஆனால் ஊர் நினைவுக்கு ஊர்தான் எல்லை. மதுரையிலிருந்தோ ராஜஸ்தானிலிருந்தோ வந்தவர் அந்த நினைவில் இல்லை. தையல் மிஷினில் உட்கார்ந்து வேலை கற்று, சொந்தமாகப் பத்து மிஷின் போட நினைக்கும் அருந்ததியர் இளைஞர் அதே ஊரில் பிறந்தவராக இருந்தும் அந்த வட்டத்துக்குள் இல்லை. கணவன் பெயரில் சொத்தும் தன் பெயரில் உழைப்பும் உள்ள பெண் அதில் பாதி மட்டுமே இருக்கிறார். இவர்கள் வங்கிக்குப் போனால், ஆளைப் பற்றி ஒன்றும் தெரியாத மேலாளர் பத்திரத்தைக் கேட்பார். கடன் கேட்பவர்களில் யார் கட்டுவார், யார் கட்டமாட்டார் என்று பிரித்தறிய முடியாத வங்கி வட்டியை உயர்த்தித் தப்பிக்க முடியாது; வட்டி ஏறினால் கட்டும் எண்ணமுள்ளவர்தான் முதலில் விலகுவார், துணிந்து வாங்குபவர் நிற்பார். ஆகவே வங்கி கடனையே அளந்து, ஒதுக்கிக் கொடுக்கும் என்று பொருளியலாளர்கள் ஸ்டிக்லிட்ஸும் வைஸும் 1981-இல் விளக்கினார்கள். அந்த ஒதுக்கீட்டில் பத்திரம் உள்ளவர் முன்னால் நிற்பார். நொய்யல் கரையில் பூமி உள்ளவருக்கும் இல்லாதவருக்கும் இடையிலான பழைய இடைவெளி அப்படியே வங்கியின் கடன் கணக்கிலும் ஏறிக்கொள்ளும். இதற்கு மாற்றாகத் தெரிந்த வழிகளில் ஒன்று, ஆள் முன்பு வாங்கிய கடனை எப்படிக் கட்டினார் என்பதைக் கொடுப்பவர்கள் எல்லோரும் ஒரே இடத்தில் எழுதி வைப்பது.

அமெரிக்காவில் இந்த ஏற்பாடு ஒரு நெருக்கடியில்தான் பிறந்தது. 1837-இன் வணிக முடக்கத்தில் பாக்கிகளை வசூலிக்க முடியாமல் நொடித்த நியூயார்க் துணி வணிகர் லூயிஸ் டப்பான், 1841-இல் ‘மெர்க்கன்டைல் ஏஜென்சி’ என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். ஊருக்கு ஊர் வக்கீல்களையும் வணிகர்களையும் பிடித்து, உள்ளூர்க் கடைக்காரர்களின் ஒழுக்கத்தையும் கடனையும் பற்றி எழுதி அனுப்பச் சொன்னார். வக்கீலாக இருந்த ஆபிரகாம் லிங்கனும் அப்படி எழுதியவர்களில் ஒருவர். ஊர்ப் பேச்சைத் தொகுத்து வெளியூருக்கு விற்றதே அந்தத் தொழில். இந்தியாவில் சிபில் 2000-இல் உருவானது, தனிநபர் கடன் தகவல்களை 2004 முதல் திரட்டித் தந்தது. கடன் தகவல் நிறுவனங்களுக்கான சட்டம் 2005-இல் வந்தது. இன்று சிபிலோடு எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என நான்கு நிறுவனங்கள் உள்ளன. கடன் கொடுக்கும் வங்கிகளும் நிதி நிறுவனங்களும் நான்கிலும் உறுப்பினராக இருக்க வேண்டும் என்பது 2015-இல் ரிசர்வ் வங்கி போட்ட விதி. சொந்த மதிப்பெண்ணை அந்தத் தனிமனிதரே பார்க்கும் வாய்ப்பு 2011-இல்தான் வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதுவரை நம் மதிப்பெண் நமக்கே தெரியாது. அந்த வகையில் அதுவும் ஊர்ப் பேச்சாகவே இருந்தது.

சிபில் கடன் அறிக்கையை ஒருமுறை விரித்துப் பார்ப்பது நல்லது, ஏனென்றால் சிபிலைப் பற்றிப் பேசுகிறவர்களில் பாதிப்பேர் 300-க்கும் 900-க்கும் இடைப்பட்ட அந்த ஓர் எண்ணைத் தவிர வேறொன்றையும் பார்ப்பதில்லை. உண்மையான வரலாறு கீழே உள்ள கட்டங்களில் இருக்கிறது. ஒவ்வொரு கடனுக்கும் கடந்த 36 மாதங்கள், மாதத்துக்கு ஒரு கட்டம். சரியாகக் கட்டிய மாதத்தில் ‘000’. டியூ முப்பது நாள் தள்ளிப்போயிருந்தால் ‘030’. தொண்ணூறு தாண்டினால் வங்கியின் கணக்கில் அது வாராக்கடன். ஒட்டுமொத்தமாகப் பேசி, பாக்கியில் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்து முடித்த கடனுக்கு நேரே ‘செட்டில்டு’ என்று நிற்கும். வாங்கியவர் ‘கணக்கு முடிந்தது’ என்று நினைத்திருப்பார். படிக்கும் மேலாளருக்கு அது ‘முழுதாகக் கட்டவில்லை’ என்று கேட்கும். செல்போனுக்கு வாங்கிய சில ஆயிரம் ரூபாய்த் தவணையும், நகைக்கடனும், லாரிக் கடனும் ஒரே தாளில் அடுத்தடுத்து நிற்கும். கொங்குநாட்டில் பலரைச் சறுக்கவைக்கும் இன்னொரு வரி உண்டு: ஜாமீன். மச்சானுக்காகவோ கூட்டாளிக்காகவோ போட்ட கையெழுத்து, ஜாமீன்தாரர் என்ற பெயரில் நம் அறிக்கையிலும் வந்து உட்காரும். ஊர்க் கணக்கில் ஜாமீன் போடுவது பெருந்தன்மை, மறுப்பது முகத்தில் அடிப்பது. வங்கிக் கணக்கில் அது நாம் வாங்கிய கடனுக்கு அடுத்தபடி. அவர் டியூ கட்டாத மாதம் நமக்கு வீட்டுக்கடன் நின்றுபோகும்.

இந்தக் கட்டங்களுக்குப் பண மதிப்பு உண்டு. கோவை கணபதியிலோ குறிச்சி சிட்கோவிலோ லேத் பட்டறை வைத்திருப்பவருக்கு ஐந்து லட்சம் தேவைப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். வங்கி மறுத்தால் வெளியே நூற்றுக்கு இரண்டு ரூபாய் வட்டி. மாதம் 10,000 ரூபாய் வட்டிக்கே போகும், அசல் அப்படியே நிற்கும். ஆண்டுக்கு 12 சதவீதத்தில் வங்கி கொடுத்தால் முதல் மாத வட்டி 5,000, அதன்பின் அசல் குறையக் குறைய வட்டியும் குறையும். வீட்டுக்கடனில் வித்தியாசம் இன்னும் மெதுவாக, இன்னும் ஆழமாக வெட்டும். முப்பது லட்சத்துக்கு இருபது ஆண்டுத் தவணை 8.5 சதவீதத்தில் ஏறத்தாழ 26,035 ரூபாய், 9.5 சதவீதத்தில் ஏறத்தாழ 27,964. மாதம் இரண்டாயிரத்துக்கும் குறைவான இடைவெளி, முடிவில் நான்கரை லட்சத்துக்கு மேல். பல வங்கிகள் வீட்டுக்கடன் வட்டியை மதிப்பெண்ணை வைத்தே படிகளாகப் பிரித்திருக்கின்றன. ஆகவே கடன் கிடைக்குமா கிடைக்காதா என்பதோடு இது முடிவதில்லை. ஒரே ஊரில் ஒரே தொழில் செய்யும் இருவர் ஒரே பணத்துக்கு வெவ்வேறு விலை கொடுக்கிறார்கள்.

கடன் பதிவேடு, கடன் கொடுப்பவருக்கு மட்டுமே உதவுகிறது என்ற குற்றச்சாட்டை ஆந்திர அனுபவம் ஓரளவு மறுக்கிறது. 2010-இல் அங்கே நுண்கடன் நிறுவனங்கள் ஒரே வீட்டுப் பெண்ணுக்கு, ஒருவர் கொடுத்தது இன்னொருவருக்குத் தெரியாமல், அடுக்கடுக்காகக் கொடுத்தன. கடனைக் கட்டக் கடன் என்று போய், தற்கொலைகளிலும் வசூல் முடக்கத்திலும் அது முடிந்தது. அடுத்த ஆண்டு ரிசர்வ் வங்கி அமைத்த மாலேகம் குழுவின் அறிக்கைக்குப் பிறகே நுண்கடனும் கடன் தகவல் பதிவுக்குள் முறையாக வந்தது. குழுக்கடன் வாரத் தவணைக்கு ஓடும் பல்லடம், கோபிசெட்டிபாளையம் பக்கத்துப் பெண்களுக்கு ஐந்தாவது கடன் கிடைக்காமல் போவது சில நேரம் நன்மையே. அந்த மறுப்பு வந்த வாரத்தில் அது நன்மையாகத் தெரியாது என்பது வேறு விஷயம்.

இனி மறுபக்கம். பதிவேட்டின் பெரிய குறை அதில் தவறாக எழுதப்பட்டிருப்பது அல்ல, எழுதப்படாமல் விடப்பட்டிருப்பது. கொங்குநாட்டின் தொழிற்கடனில் பெரும்பங்கு ஓடும் தடங்கள் எவை? தெரிந்தவர்களுக்குள் நடக்கும் ஏலச்சீட்டு, நூல் கடைக் கடன், வார்ப்படக்காரர் இரும்புக் கடையில் வைக்கும் பாக்கி, கைமாற்று, ஊர்ப் பைனான்ஸ். இவற்றில் ஒன்றும் சிபிலுக்குப் போவதில்லை. இருபது ஆண்டுகளாக ஒரு சீட்டுத் தவணையும் தவறாத ஈரோட்டு ஜவுளி வியாபாரி வங்கியில் முதன்முறை கடன் கேட்கும்போது அவருடைய அறிக்கை வெற்றுத்தாள். மதிப்பெண் இருக்க வேண்டிய இடத்தில் வரலாறு இல்லை என்ற குறியீடு. அதே நாளில், மூன்று ஆண்டுகளாகக் கடன் அட்டையும் பைக் கடனும் வைத்திருக்கும் சம்பளக்காரர் எளிதாக நுழைந்துவிடுகிறார். ஊருக்குத் தெரிந்தது வங்கிக்குத் தெரியவில்லை, வங்கிக்குத் தெரிந்தது அற்பம். வரலாறு இல்லை என்ற ஒரே காரணத்துக்காக முதன்முறை கடன் கேட்பவரின் விண்ணப்பத்தைத் தள்ளக்கூடாது என்று ரிசர்வ் வங்கியின் 2025 ஜனவரி வழிகாட்டுதல் சொல்கிறது. ஆகஸ்டில் நிதி அமைச்சகம் அதையே நாடாளுமன்றத்திலும் சொன்னது. ஆனால் கடன் கொடுப்பதா என்பதை ஒவ்வொரு வங்கியும் தன் கொள்கைப்படி முடிவு செய்துகொள்ளலாம். வெற்றுத்தாளை வைத்துக்கொண்டு பொறுப்பேற்கக் கிளை மேலாளர் தயங்குவார். அவரைக் குறை சொல்வதில் பயனில்லை. ஜிஎஸ்டி கணக்கு, மின்கட்டணம், யுபிஐ வரவு, 2021-இல் தொடங்கிய அக்கவுண்ட் அக்ரிகேட்டர் வழியாக வரும் வங்கிக் கணக்கு விவரம் ஆகியவற்றை அந்தத் தாளில் நிரப்புவதே நடக்கக்கூடிய வழி. அதற்கு வியாபாரி தன் விற்றுமுதலைக் கணக்கில் காட்ட வேண்டும். பில் இல்லாமல் விற்றுவிட்டு, விற்றதற்கு ஆதாரமாகக் கடன் கேட்க முடியாது.

விவசாயிகளின் எதிர்ப்பு இன்னொரு வகை. 2025-இல், கூட்டுறவுச் சங்கங்களில் பயிர்க்கடன் கொடுக்கும்முன் சிபில் பார்க்க வேண்டும் என்ற சுற்றறிக்கைச் செய்தி வெளியானதும் தமிழ்நாடெங்கும் விவசாய சங்கங்கள் கொதித்தன. அரசு விளக்கம் தர வேண்டியதாயிற்று. அவர்களுடைய வாதத்தில் பாதி முழுக்க நியாயம். மாதத் தவணைக்காகச் செய்யப்பட்ட அளவுகோலை, மஞ்சளை வெட்டி வேகவைத்துக் காயவைத்து விலை வரும்வரை ஈரோட்டுக் கிடங்கில் வைத்திருக்கும் மனிதர்மேல் வைத்தால் அது தப்பாகத்தான் காட்டும். அவர் கட்டாதவர் அல்ல, காத்திருப்பவர். மேலும், தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கமே ஊர் நினைவின் இன்னொரு வடிவம். செயலாளருக்கு யார் காட்டில் என்ன பயிர் என்று தெரியும், எண் தேவையில்லை. மறுபாதியை நான் ஏற்கவில்லை. பயிர்க்கடன் பதிவேட்டின் பக்கமே போகக்கூடாது என்றால், முப்பது ஆண்டு ஒழுங்காகக் கட்டியவரின் கணக்கும் சங்கத்தின் பீரோவிலேயே தங்கிவிடும். அவர் பசுமைக்குடிலுக்கோ குளிர்பதனக் கிடங்குக்கோ வணிக வங்கிக்குப் போகும்போது வெறுங்கையோடு நிற்பார். தள்ளுபடிகளும் இந்த நினைவைக் குலைக்கின்றன. 2021 பிப்ரவரியில் 16.43 லட்சம் விவசாயிகளின் 12,110 கோடி ரூபாய்க் கூட்டுறவுப் பயிர்க்கடன் தள்ளுபடி ஆனது. பலருக்கு அது தேவையான உதவி. ஆனால் நகையை அடகு வைத்துக் கெடுவுக்குள் கட்டிமுடித்தவருக்குக் கிடைத்தது ஒன்றுமில்லை. அவருடைய ஒழுங்கு எங்கேயாவது எழுதப்பட்டு, பின்னால் குறைந்த வட்டியாகத் திரும்பியிருந்தால் அந்தக் கசப்பு பாதி குறைந்திருக்கும். பயிர்க்கடனுக்கு மதிப்பெண்ணை வாசல்கதவாக வைக்கக்கூடாது. கட்டியதை எழுதாமல் விடவும் கூடாது.

பதிவில் பிழை இருந்தால் என்ன செய்வது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் வழி இருக்கிறது, பயன்படுத்துவோர் குறைவு. ஒவ்வொரு நிறுவனமும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். புகார் கொடுத்து முப்பது நாளில் திருத்தாவிட்டால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்று ரிசர்வ் வங்கி 2023 அக்டோபரில் உத்தரவிட்டது. அடுத்த ஆண்டு அது நடைமுறைக்கு வந்தது. அதற்கும் மேலே ஆம்புட்ஸ்மன் இருக்கிறார். முன்பு மாதம் ஒருமுறை போன விவரங்கள் 2025 ஜனவரி முதல் பதினைந்து நாளுக்கு ஒருமுறை போகத் தொடங்கின. பிழை நேர்வதும் திருந்துவதும் இரண்டுமே இனி வேகமாக நடக்கும்.

எனக்கு உண்மையில் கனமாகப் படும் எதிர்வாதம் வேறு. கட்டத்தில் ‘060’ என்று விழுகிறது. ஏன் விழுந்தது என்று அது சொல்வதில்லை. நொய்யல் மாசுபாட்டு வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2011 ஜனவரி இறுதியில் இட்ட உத்தரவால் திருப்பூரில் எழுநூறுக்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. ஆற்றைக் கெடுத்த பட்டறைக்கு அது தண்டனை என்றால், அந்தப் பட்டறையை நம்பி நிட்டிங் மிஷினுக்கும் டெம்போவுக்கும் கடன் வாங்கியிருந்தவருக்கு அது என்ன? அவருடைய தவணையும் அதே மாதத்தில் தவறும், கட்டத்தில் அதே எண் விழும். காரணத்தை எழுத முறையில் இடமில்லை என்று வங்கியாளர்கள் சொல்வதுண்டு. மனம் வைத்தால் இடம் உண்டு என்பதற்கு ரிசர்வ் வங்கியே சாட்சி. 2020 மார்ச் முதல் ஆகஸ்ட் வரையிலான கொரோனா காலச் சலுகையைப் பெற்றவர்களின் கடன் வரலாறு அதனால் கெடக்கூடாது என்று அது ஆணையிட்டது. அமெரிக்கா 2025 ஆகஸ்டில் இந்தியப் பொருள்கள்மேல் 50 சதவீத வரி போட்டுத் திருப்பூர் ஆர்டர்கள் ஆட்டம் கண்டபோதும், நவம்பரில் ரிசர்வ் வங்கி ஏற்றுமதியாளர்களுக்குத் தவணை ஒத்திவைப்பு அறிவித்து, அதே பாதுகாப்பைச் சேர்த்தது. ஆக, நெருக்கடி நாடறிந்ததாக இருந்தால் காரணம் எழுதப்படுகிறது. சோமனூரில் கூலி உயர்வுக்கு விசைத்தறிகள் வாரக்கணக்கில் நிற்கும்போதும், கோவையில் ஒரு பெரிய கம்பெனி ஜாப் ஆர்டர் பணத்தை நான்கு மாதம் இழுக்கும்போதும் எழுதப்படுவதில்லை.

இந்தக் கடைசி விஷயம்தான் கொங்குநாட்டுக்கு நேரடியாகப் பொருந்துவது. இங்கே சிறு பட்டறைக்காரர் பலர் நேரடியாக வாடிக்கையாளருக்கு விற்பதில்லை. பம்புசெட் கம்பெனிக்கோ ஏற்றுமதியாளருக்கோ ஜவுளி உற்பத்தியாளருக்கோ கூலிக்கு வேலை செய்து கொடுக்கிறார்கள். சிறு நிறுவனத்துக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது; தராவிட்டால் அந்தச் செலவை அந்த ஆண்டின் வருமானவரிக் கழிவாகக் காட்ட முடியாது என்ற விதியும் உண்டு. இருந்தும் 90 நாள், 120 நாள் என்பது பட்டறை வட்டாரத்தில் சாதாரணப் பேச்சு. பணம் தாமதித்த பெரிய கம்பெனியின் வங்கிக் கணக்கு சுத்தமாக இருக்கும். 1 முதல் 10 வரையிலான சிபில் நிறுவனத் தரவரிசையில் அது முன்வரிசையில்கூட நிற்கலாம், ஏனென்றால் அது வங்கியிடம் தவறவில்லை. தவறியது வேலை செய்து கொடுத்தவரிடம். அவர் அதனால் தன் மிஷின் கடனில் தவறுகிறார், அது மட்டும் எழுதப்படுகிறது. சிறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்கு மேல் வைத்திருக்கும் பாக்கியைக் கம்பெனிகள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை கம்பெனி விவகார அமைச்சகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2019 முதல் ஒரு படிவம் இருக்கிறது. கூட்டாண்மை நிறுவனங்கள் அதற்குள் வராது என்பதால் திருப்பூரின் ஒரு பகுதி தப்பிவிடும். ஆனாலும் அரசிடம் ஏற்கெனவே வந்து சேர்ந்திருக்கும் தகவல் அது. லேத் பட்டறைக்காரரின் கடன் விண்ணப்பத்தைப் படிக்கும் மேலாளரின் மேசையில் அதற்கு ஒரு கட்டம் இல்லை. கோவைத் தொழில் அமைப்புகள் ஒவ்வொரு பட்ஜெட்டுக்கு முன்னும் வட்டிக் குறைப்புக் கேட்டு மனு கொடுக்கின்றன. அந்தப் படிவத்தைக் கடன் தகவல் நிறுவனங்களோடு இணைக்கச் சொல்லி ஒரு மனு கொடுத்தால், அரசுக்கு ஆகும் செலவு அதைவிட மிகக் குறைவு.